உங்களுக்குத் தெரியுமா? மெட்ரோ முதல் விண்வெளி வரை ஒலிக்கும் கொரிய நாட்டுப்பாட்டு!

கொரிய பாப் (கே-பாப்) குழுவான பி.டி.எஸ். பாட்டைக் கேட்டதும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்களா? அந்தத் துள்ளலில் ஒரு பங்கு நெல் வயலில் பிறந்தது! கொரிய நாட்டுப்புற இசையைப் பற்றித் தேடித் தேடிச் சேர்த்த தகவல்கள் இதோ. ஒவ்வொன்றும் முத்து! மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்!

ஒரே பாட்டு... 3,600 வடிவம்!

● கொரியர்களின் உயிர்ப்பாட்டு 'அரிராங்'. இதற்கு எத்தனை வடிவங்கள் தெரியுமா? பாரம்பரிய வகைகள் சுமார் 60. அந்த 60-க்குள் கிளை பிரிந்து நிற்பவை சுமார் 3,600! யுனெஸ்கோவே சொல்லும் கணக்கு இது!

● இயற்றியவர் யார்? தனி ஆள் யாருமே கிடையாது! ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாக மக்களே கட்டிய பாட்டு. பல்லவி மட்டும் மாறாது. நடுவில் உங்கள் சொந்த வரியைப் போட்டுப் பாடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்!

● மலை நாட்டில் 'ஜோங்சோன் அரிராங்'. தென்மேற்குத் தீவில் 'ஜிந்தோ அரிராங்'. தென்கிழக்கில் 'மிர்யாங் அரிராங்'. இந்த மூன்றும்தான் மிகப் பிரபலம். ஒன்று ஏங்க வைக்கும், ஒன்று தோள் குலுக்க வைக்கும், ஒன்று துள்ள வைக்கும். பெயர் ஒன்றேதான்!

● 2012-ல் தென்கொரியாவின் அரிராங் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2014-ல் வடகொரியாவின் அரிராங்கும் ஏறியது! எல்லையில் இரு நாட்டு ராணுவமும் எதிரெதிரே நிற்கின்றன. பட்டியலில் இரு நாட்டுப் பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன!

● 1991. ஜப்பானின் சிபா நகரம். உலக டேபிள் டென்னிஸ் போட்டி. வட, தென் கொரியப் பெண்கள் ஒரே அணியாக இறங்கி, பலம் வாய்ந்த சீனாவையே வீழ்த்தித் தங்கம் வென்றார்கள்! பரிசு மேடையில் எந்த நாட்டுத் தேசிய கீதம்? இரண்டும் இல்லை. ஒலித்தது அரிராங்!

● 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மகளிர் ஐஸ் ஹாக்கிக்கு மறுபடி ஒரே அணி. மறுபடியும் கீதம் அரிராங்தான்! அந்த ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் பாடப்பட்டது என்ன தெரியுமா? பக்கத்து ஊர்ப் பாட்டான ஜோங்சோன் அரிராங்!

● இந்தப் பாட்டின் மிகப் பழைய ஒலிப்பதிவு கொரியாவில் எடுக்கப்படவில்லை. அமெரிக்காவில்! 1896-ல் வாஷிங்டன் நகரில் படித்துக்கொண்டிருந்த கொரிய மாணவர்களைப் பாடவைத்து மெழுகு உருளையில் பதிவு செய்தார் ஆலிஸ் ஃபிளெட்சர் என்ற ஆய்வாளர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இன்றைக்கும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது!

● அதே 1896-ல்தான் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் அரிராங்கை முதன்முதலாக மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதி அச்சிட்டார். ஒரே ஆண்டில் குரலும் பதிவானது, குறிப்பும் பதிவானது!

● 1926-ல் 'அரிராங்' என்றே ஒரு மௌனப்படம் வந்தது. ஜப்பானிய ஆட்சியில் தவித்த ஜனங்கள் தியேட்டரில் அழுதார்கள், பாடினார்கள். இயக்கி, நாயகனாகவும் நடித்தவர் நா உன்-க்யூ. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. ஆனால் அந்தப் படம் பரப்பிய மெட்டைத்தான் இன்று உலகமே பாடுகிறது!

● 1940-களில் ஜப்பானை எதிர்த்துச் சீன மண்ணில் திரண்ட கொரிய விடுதலைப் படைக்கு ஒரு நடைப்பாட்டு தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டார்கள் மிர்யாங் அரிராங் மெட்டை! வயல்வெளி மெட்டு போர்முனைக்குப் போனது!

● அமெரிக்க ராணுவத்தின் 7-வது காலாட்படைப் பிரிவுக்கு அதிகாரப்பூர்வ அணிவகுப்பு இசை எது? சந்தேகமே வேண்டாம். அரிராங்தான்! கொரியப் போரில் சண்டை போட்ட பிரிவு அது. அங்கே கேட்ட பாட்டைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்!

● அதே போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கச்சேரி செய்யக் கொரியா வந்தார் ஆஸ்கர் பெட்டிஃபோர்ட். பெரிய ஜாஸ் பாஸ் கலைஞர். யாரோ முணுமுணுத்த அரிராங் அவர் காதில் விழுந்தது. அவ்வளவுதான், அது ஜாஸ் இசைத்தட்டாகவே வந்துவிட்டது!

● 2008 பிப்ரவரி 26. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் மேடை ஏறியது. கடைசியாக வாசித்தது அரிராங். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வாசித்தவர்கள் கண்ணிலும் நீர்!

● விண்வெளியிலும் அரிராங் உண்டு! தென்கொரியாவின் பல்நோக்கு செயற்கைக்கோள் வரிசைக்கே 'அரிராங்' என்றுதான் பெயர். முதல் அரிராங் 1999 டிசம்பரில் விண்ணில் ஏறியது. உலகமெங்கும் ஒளிபரப்பாகும் கொரியத் தொலைக்காட்சியின் பெயர்? அதுவும் அரிராங்!

● வடகொரியாவில் 'அரிராங்' என்ற பெயரில் ஒரு பிரம்மாண்டக் கூட்டு நிகழ்ச்சி நடந்துவந்தது. 2007-ல் ஒரே மைதானத்தில் பங்கேற்றவர்கள் எத்தனை பேர்? 1,00,090! கின்னஸ் சாதனை!

● 2016, பாரிஸ். கே-பாப் விழா மேடை. பி.டி.எஸ். பையன்கள் என்ன பாடினார்கள்? அரிராங் தொகுப்பு! பாரிஸ் ரசிகர்கள் கூடவே பாடினார்கள்!

ஒரு குரல், ஒரு மேளம், 8 மணி நேரம்!

● மேடையில் இரண்டே பேர். ஒருவர் பாடுவார், ஒருவர் மேளம் அடிப்பார். பாடுபவர் கையில் ஒரு விசிறி. இதை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கதையையும் 8 மணி நேரம் வரை நடத்திவிடுவார்கள்! இதுதான் 'பான்சோரி'. கிழவி, அரசன், திருடன், ஆமை... எல்லா வேஷமும் ஒரே தொண்டையில்!

● அந்த விசிறி சும்மா வீசுவதற்கு என்று நினைத்தீர்களா? மடக்கினால் வாள், கைத்தடி! விரித்தால் கடிதம், கதவு! அரங்கப் பொருள் மொத்தமும் அது ஒன்றுதான்!

● முன்பு 12 பான்சோரிக் கதைகள் இருந்தன. பாட்டோடு முழுசாக இன்று வரை தப்பி வந்தவை வெறும் 5!

● பான்சோரி கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அது குற்றம்! பாடகர் ஒரு நல்ல சங்கதி போட்டால் கூட்டம் குரல் கொடுக்க வேண்டும். "ஓல்சிகு!", "ஜோத்தா!" என்று கத்த வேண்டும். இதற்கு 'சுயிம்செ' என்று பெயர். ரசிகன் வாய் திறந்தால்தான் கச்சேரி களைகட்டும்!

● ரசிகர்களிலும் மேதைகள் உண்டு! நுட்பமாகக் கேட்டு எடைபோடத் தெரிந்தவர்களைக் 'காது வித்வான்' என்றே கொரியர்கள் கொண்டாடுகிறார்கள்!

● "முதலில் மேளக்காரர், அப்புறம்தான் பாடகர்!" இது கொரியப் பழமொழி. பாடகரைத் தூக்கி நிறுத்துவதே மேளக்காரர் கொடுக்கும் அடியும் குரலும்தான்!

● பயிற்சி எங்கே? அருவிக்கரையில்! அருவியின் இரைச்சலை மீறித் தன் குரல் கேட்கும் வரை கத்திப் பாட வேண்டும். தொண்டை கட்டும், கரகரக்கும், மறுபடி திறக்கும். அந்தக் கரகரப்புதான் பான்சோரியின் அழகே!

● ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே பாடிய கலை. அந்தக் கோட்டையை உடைத்தவர் ஜின் சே-சோன் என்ற பெண். 19-ம் நூற்றாண்டு! அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஷின் ஜே-ஹியோ. 6 கதைகளை எழுத்தில் சீர்செய்து காப்பாற்றியவரும் அவரே!

● பான்சோரிக் கதைகளில் ஒன்று 'சுகுங்கா'. கடலரசனுக்கு நோய். மருந்து முயலின் ஈரல். ஆமை முயலை ஏமாற்றிக் கடலுக்குள் கூட்டிப்போகிறது. "அடடா, ஈரலைக் கரையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனே!" என்று முயல் தப்பிக்கிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் பஞ்சதந்திரக் குரங்கும் முதலையும்! புத்த ஜாதகக் கதைகளோடு இந்தியாவிலிருந்து கொரியா போனது என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1145-ல் எழுதிய கொரிய வரலாற்று நூலிலேயே முயலும் ஆமையும் வந்துவிட்டன!

● அந்தக் கதையில் இன்னொரு கூத்து! கடலிலிருந்து மோவாயாலேயே ஊர்ந்து கரையேறிய ஆமைக்குத் தாடை மரத்துப்போகிறது. "முயல் ஐயா!" என்று கூப்பிட நினைக்க, வாய் குழறி "புலி ஐயா!" என்று வந்துவிடுகிறது. மலையிலிருந்து நிஜப் புலியே இறங்கி வருகிறது! இந்தப் புலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்!

● கதையைத் துண்டு துண்டாகப் பாடுவதே வழக்கமாகிவிட்ட காலம். 1968-ல் பார்க் தோங்-ஜின் மேடை ஏறினார். 'ஹுங்புகா' கதையை முதல் வரி முதல் கடைசி வரி வரை 5 மணி நேரம் பாடித் தள்ளினார்! அடுத்த ஆண்டே இன்னொரு கதை. 8 மணி நேரம்! அழிந்தது என்று எழுதிவைத்த கலை எழுந்து உட்கார்ந்தது!

● லீ ஜாராம். பான்சோரிப் பாடகி. 1999-ல் 8 மணி நேரக் கதையை முழுசாகப் பாடி முடித்தபோது வயது வெறும் 20! பிறகு பிரெக்ட்டின் ஜெர்மன் நாடகங்களைப் பான்சோரியாக்கினார். ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நாவலையும் விடவில்லை!

● கிரேக்கத் துன்பியல் நாடகம் 'டிராய் நகரப் பெண்கள்' கேள்விப்பட்டிருப்பீர்கள். பான்சோரிக் குரலில் கேட்டிருக்கிறீர்களா? 2016-ல் கொரியத் தேசிய சாங்குக் (பான்சோரி இசை நாடக) குழு மேடையேற்றியது. இயக்குநர் சிங்கப்பூர்க்காரர்! 2,400 ஆண்டுப் பழைய நாடகம், கொரியத் தொண்டை, சிங்கப்பூர் மூளை!

● 1993-ல் 'சோப்யொன்ஜே' என்று ஒரு படம். ஊர் ஊராக அலையும் பான்சோரிக் குடும்பத்தின் கதை. சண்டை இல்லை, நட்சத்திரப் பட்டாளம் இல்லை. சியோல் நகரில் மட்டும் பார்த்தவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள்! அந்த எல்லையைத் தொட்ட முதல் கொரியப் படம் அதுதான்!

இடி, காற்று, மழை, மேகம்!

● நான்கே வாத்தியம். சின்ன வெண்கலத் தட்டு 'குவெங்குவாரி', அது இடி! பெரிய தட்டு 'ஜிங்', அது காற்று! இடை சிறுத்த மேளம் 'ஜாங்கு', அது மழை! உருண்டை மேளம் 'புக்', அது மேகம்! நான்கும் சேர்ந்தால் 'சாமுல் நோரி'. அரங்கத்துக்குள்ளேயே புயல்!

● இது ஆதிகாலத்துக் கலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை! வயற்காட்டு மேளம் பழையது. ஆனால் அதை அரங்கத்துக்குள் கொண்டுவந்து, உட்கார்ந்து வாசிக்கும் 'சாமுல் நோரி' பிறந்தது 1978-ல்! சியோலின் ஒரு சின்ன அரங்கத்தில்!

● அந்தப் புரட்சியைச் செய்தவர்களில் ஒருவர் கிம் தொக்-சூ. நாடோடிக் கலைக்குழுவில் அவர் மேடை ஏறியபோது வயது 5!

● 'நாந்தா' கேள்விப்பட்டதுண்டா? சமையல்காரர்கள் கத்தி, வெட்டுப்பலகை, சட்டி, பானையை வைத்துச் சாமுல் நோரித் தாளம் போடும் நாடகம். வசனமே கிடையாது. முட்டைக்கோஸ் தூள் தூளாகப் பறக்கும்! 1997-ல் தொடங்கியது. 2014 முடிவதற்குள் பார்த்தவர்கள் 1 கோடி!

● ஜாங்கு மேளத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்காது. இடப்பக்கம் தடித்த தோல், ஆழ்ந்த ஒலி. வலப்பக்கம் மெல்லிய தோல், மெல்லிய மூங்கில் குச்சியின் சுரீர் அடி!

● ஜாங்குவுக்கும் சொற்கட்டு உண்டு! இரு பக்கமும் சேர்த்து அடித்தால் 'தொங்', வலம் மட்டும் அடித்தால் 'தொக்', இடம் மட்டும் அடித்தால் 'குங்'. வாயால் சொல்லிப் பழகிவிட்டுத்தான் கையால் அடிக்க வேண்டும். பி.டி.எஸ். 2018-ல் வெளியிட்ட 'ஐடல்' பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். ஜாங்கு சொற்கட்டும் பான்சோரி ரசிகர்களின் கூச்சலும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன!

● அதே ஆண்டு டிசம்பரில் ஒரு விருது விழா. 'ஐடல்' பாட்டுக்கு முன்னால் பி.டி.எஸ். குழுவின் ஜே-ஹோப் மேள நடனம் ஆடினார். அதே குழுவின் ஜிமின் விசிறி நடனம் ஆடினார். இன்னொருவரான ஜங்குக் முகமூடி நடனக்காரர்களோடு வந்தார். அரங்கமே அதிர்ந்தது!

● உழவர்களின் மேளக் கூத்துக்கு 'நோங்காக்' என்று பெயர். நடவுக்கும் உண்டு, அறுவடைக்கும் உண்டு, ஊர்த் திருவிழாவுக்கும் உண்டு. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது!

● நோங்காக் ஆட்டக்காரர் தலையில் ஒரு தொப்பி. அதன் உச்சியில் ஒரு நீள நாடா. கழுத்தை ஆட்டியே அதைக் காற்றில் வட்டம் வட்டமாகச் சுழற்றுவார். கைகள் மேளத்தில், கால்கள் துள்ளலில், தலை சுழற்சியில்! எல்லாம் ஒரே நேரத்தில்! மிக நீண்ட நாடாவின் பெயரே '12 பாகம்'!

● ஆண்களின் கோட்டையான நாடோடிக் கலைக்குழுவுக்கு ஒரு பெண் தலைவி. பெயர் பாவுதொகி. ஊர் அன்சோங். தலைமை ஏற்றபோது வயது 15! 1865-ல் அரண்மனையை மீண்டும் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளிகள் முன் ஆடிப் பாடி, ஆட்சியை நடத்திய தேவோன்குனிடமே பரிசு வாங்கினார். அவர் பெயரில் இன்றும் அன்சோங்கில் திருவிழா நடக்கிறது!

● அப்படிப்பட்ட நாடோடிக் கலைஞர்களைப் பற்றி 2005-ல் 'ராஜாவும் கோமாளியும்' என்று ஒரு படம். டிக்கெட் எத்தனை? 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல்!

● முழுநிலா. பெண்கள் கைகோத்து வட்டம் போடுகிறார்கள். மெதுவாகத் தொடங்கி ஓட்டமாகிவிடும் ஆட்டம். பெயர் 'கங்கங்சுல்லே'. இதற்குப் பின்னால் ஒரு போர்த் தந்திரக் கதை! 16-ம் நூற்றாண்டில் ஜப்பான் படையெடுத்தபோது தளபதி யீ சுன்-சின் பெண்களுக்கு ராணுவ உடை போட்டு மலையைச் சுற்றி ஆடவிட்டாராம். "அம்மாடி, இவ்வளவு படையா!" என்று எதிரி மிரண்டானாம்!

● ஜிந்தோ தீவில் சாவு வீட்டில் நகைச்சுவை நாடகம் போடுவார்கள்! பெயர் 'தாசிரேகி'. அடக்கத்துக்கு முந்திய இரவில் பாட்டு, கூத்து, கேலி! துக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்கவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு பாடுவார்கள்!

● ஜேஜு தீவின் 'ஹேன்யோ' பெண்கள் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிக் கடலுக்குள் பாய்பவர்கள். படகு வலித்துப் போகும்போது அவர்கள் பாடிய துடுப்புப் பாட்டு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பாடுபவர்களில் பல பேர் 70 வயதைத் தாண்டிய பாட்டிகள்!

பட்டு நரம்பும் நாணல் சவ்வும்!

● 'கயாகும்' என்ற வாத்தியத்துக்கு 12 நரம்பு. எல்லாமே முறுக்கிய பட்டு நூல்! பண்டைய கொரியாவின் கயா நாட்டு அரசவையிலிருந்து சில்லா நாட்டுக்கு அதைக் கொண்டுபோனவர் உருக். 6-ம் நூற்றாண்டுக்காரர்! இப்போது 25 நரம்புக் கயாகும் வந்துவிட்டது. அதில் ராக் பாட்டுகளைக்கூட விளாசுகிறார்கள்!

● 2006-ல் ஒரு அடுக்குமாடி வீட்டு விளம்பரம். கயாகும் வாசிக்கும் பெண்கள் 17-ம் நூற்றாண்டு ஜெர்மானியரான பாகல்பெல்லின் 'கேனன்' இசையை மீட்ட, பக்கத்தில் பி-பாய் இளைஞர்கள் தலைகீழாகச் சுழன்றார்கள்! கொரியாவே மெய்மறந்து பார்த்தது!

● ஹ்வாங் பியோங்-கி. சட்டம் படித்தவர், கயாகும் மேதையானார். 1975-ல் 'மிகுங்' என்ற தன் இசையை அரங்கேற்றினார். சிரிப்பு, அழுகை, செய்தித்தாள் வாசிப்பு எல்லாம் அதில் உண்டு. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அலறிக்கொண்டே அரங்கை விட்டு ஓடினார்!

● 'ஹேகும்' வாத்தியத்துக்கு இரண்டே நரம்பு. வில் அந்த இரண்டு நரம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும், வெளியே எடுக்கவே முடியாது! உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரைக்காய், மண், தோல், மரம் என எட்டு வகைப் பொருளும் சேர்ந்த ஒரே வாத்தியம் என்று கொரியர்கள் பெருமைப்படுவது இதைத்தான்!

● 'தேகும்' என்ற பெரிய மூங்கில் குழலில் ஒரு ரகசியத் துளை. அதன் மேல் நாணலின் உட்புறத்திலிருந்து உரித்த மெல்லிய சவ்வை ஒட்டுவார்கள். ஊதினால் சவ்வு அதிரும், ஒலி சிலிர்க்கும்! அந்தச் சவ்வை வருடத்தில் கோடைத் தொடக்கத்தின் சில நாட்களில்தான் உரிக்க முடியும்!

● 'தெப்யோங்சோ' சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். திறந்தவெளியில் ஊதினால் ஊரே திரும்பிப் பார்க்கும்! 1993-ல் கொரியப் பாடகர் சோ தேஜியும் அவர் நண்பர்களும் ராப், ஹெவி மெட்டல் இரண்டுக்கும் நடுவில் இதை ஊதவைத்தார்கள். பாட்டின் பெயர் 'ஹயோகா'. கே-பாப் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே இந்தக் கலவை நடந்துவிட்டது!

● சாமிக்குச் செய்யும் சடங்குகளில் பிறந்த 'சினாவி' இசைக்கு ஏடும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் கற்பனையில் வாசிப்பார்கள். மோதவே மோதாது!

● கொரியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'தான்சோ' நன்றாகத் தெரியும். ஐந்து துளைகொண்ட சின்னக் குழல். முதல் நாள் ஊதினால் வெறும் காற்றுதான் வரும். ஒலி வரவழைக்கவே படாத பாடு!

மெட்ரோ ரயிலில்... யூடியூபில்... ஒலிம்பிக்கில்!

● சியோல் மெட்ரோ ரயிலில் ஏறுங்கள். வேறு வழித்தடத்துக்கு மாறவேண்டிய நிலையம் வரும்போது என்ன ஒலிக்கும்? பாரம்பரிய இசை! 2009 முதல் ஒலித்த துண்டு 'ஓல்சிகுயா'. இயற்றியவர் கிம் பேக்-சான். 14 ஆண்டுகள் கழித்து 2023-ல் மாற்றினார்கள். புதுசும் நாட்டுப்பாட்டு மெட்டுதான்! தினமும் லட்சக்கணக்கான காதுகளில் இலவசக் கச்சேரி!

● புலி வந்துவிட்டது! 2020-ல் தென்கொரியச் சுற்றுலா அமைப்பு ஒரு வீடியோ வெளியிட்டது. ஆமை கூப்பிட்டு வந்ததே, அந்தப் புலிக் காட்சிதான் பாட்டு! பாடியது 'லீநல்சி' இசைக்குழு. விநோத உடையில் நடனக்காரர்கள் நகரமெல்லாம் குதித்தார்கள். பார்வைகள் கோடிக்கணக்கில் குவிந்தன!

● அந்தக் குழுவில் நான்கு பான்சோரிப் பாடகர்கள், இரண்டு பாஸ் கிடார், ஒரு டிரம்ஸ். லீட் கிடாரே கிடையாது! குழுவுக்குப் பெயர் தந்தவர் 19-ம் நூற்றாண்டுப் பான்சோரி மேதை யீ நல்-சி. அவர் கயிற்றின் மேல் நடக்கும் வித்தைக்காரராக இருந்தவர்!

● 2017-ல் அமெரிக்க வானொலியின் புகழ்பெற்ற 'டைனி டெஸ்க்' கச்சேரியில் ஒரு கொரியக் குழு. பெயர் 'சிங்சிங்'. ஆண் பாடகர்கள் பளபளக்கும் பெண் வேடத்தில் வந்து நூற்றாண்டுப் பழைய நாட்டுப்பாட்டுகளை ராக் இசையில் போட்டுத் தாக்கினார்கள்!

● 'அக்தான் குவாங்சில்' என்ற குழு, கொரிய விடுதலையின் 70-ம் ஆண்டான 2015-ல் பிறந்தது. இப்போது வடகொரியாவில் இருக்கும் ஹ்வாங்ஹே பகுதியின் சாமியாடிப் பாட்டுகளை எடுத்து உலக மேடைகளை ஆடவைக்கிறது!

● 2018 குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழா. மேடையில் 'ஜம்பினாய்'. ஹெவி மெட்டல் கிடார் ஒரு பக்கம், ஆறு நரம்பு 'கொமுன்கோ' மறுபக்கம். மூங்கில் குச்சியால் அந்த நரம்புகளை அடித்து எழுப்பிய ஒலி அரங்கத்தையே உலுக்கியது!

● ஜிந்தோ தீவில் பிறந்து பான்சோரி கற்ற சோங் கா-இன் 2019-ல் 'மிஸ் டிராட்' டிவி பாட்டுப் போட்டியில் வாகை சூடினார். பழைய தொண்டை, புது ரசிகர் படை! தாத்தா பாட்டிகள் எல்லாம் ரசிகர் மன்றச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்!

● பி.டி.எஸ். சுகா, 'அகுஸ்ட் டி' என்ற பெயரில் 2020-ல் 'தேச்விதா' பாடினார். அரசர் ஊர்வலத்துக்கு ஊதிய பழைய முழக்கத்தின் மேல் ராப்! அமெரிக்காவின் பில்போர்டு 100 பட்டியலில் 76-வது இடம்!

● 2021-ல் ஸ்ட்ரே கிட்ஸ் என்ற கே-பாப் குழு வெளியிட்ட ஹிட் பாட்டின் கொரியப் பெயர் 'சோரிக்குன்'. பான்சோரிப் பாடகரைத்தான் அப்படிச் சொல்வார்கள்!

● ஊரில் போர். சோற்றுக்கே திண்டாட்டம். அந்த 1951-ல், அகதிகள் நிரம்பி வழிந்த பூசானில் தென்கொரியா ஒரு நிறுவனத்தைத் திறந்தது. என்ன நிறுவனம்? தேசியப் பாரம்பரிய இசை மையம்! குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் இசைக்கு ஓர் இடம்!

● பாரம்பரிய இசைக்கென்றே தனி எஃப்.எம். வானொலி! 2001 முதல் ஒலிக்கிறது!

● 1989-ல் கொரியாவின் எம்.பி.சி. வானொலிக்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகக் கிளம்பினார்கள். நடவுப்பாட்டு, தாலாட்டு, வலை இழுக்கும் பாட்டு, பாடை தூக்கும் பாட்டு... ஒன்றையும் விடவில்லை. தொகுத்து வெளியிட்ட குறுந்தகடுகள் 103!

● அந்தப் பாட்டுகளைக் கேட்க ஒரு மியூசியமே இருக்கிறது. சியோலில் சாங்தொக் அரண்மனை வாசலுக்கு எதிரே. 2019-ல் திறந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்து ஊர் ஊர்ப் பாட்டாகக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்!

● பெரிய பாடகர்களையும் மேளக்காரர்களையும் தென்கொரிய அரசு கலையின் காவலர்களாக அறிவித்து, மாதம்தோறும் பணமும் கொடுக்கிறது. மக்கள் அவர்களை எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? 'மனிதப் பொக்கிஷம்'! சட்டம் வந்தது 1962-ல். பான்சோரி பட்டியலில் ஏறியது 1964-ல்!

● பாரம்பரிய இசைக்கென்று நாடு முழுக்க ஒரு தனி நாள்! ஜூன் 5. முதல் கொண்டாட்டம் 2025-ல். ஏன் ஜூன் 5? மாமன்னர் செஜோங் காலத்து அரசவைக் குறிப்பில் 'யோமின்ராக்' என்ற இசை இடம்பெற்ற நாள் அது. ஆண்டு 1447!

வயலில் பிறந்தது. சந்தையில் வளர்ந்தது. போரில் தப்பியது. இன்று மெட்ரோவில், மேடையில், செயற்கைக்கோளில்! பிள்ளைகளும் பாட்டிகளும் ஒரே பாட்டைப் பாடும் வரை எந்த நாட்டுப்பாட்டும் சாகாது. கொரியர்கள் அதை நிரூபித்துவிட்டார்கள்!

இன்றைக்கே யூடியூபைத் திறங்கள். முதலில் ஜிந்தோ அரிராங். அடுத்து லீநல்சியின் புலி. கடைசியாக ஒரு சாமுல் நோரி. சத்தத்தைக் கூட்டி வையுங்கள். பிடித்த இடத்தில் "ஓல்சிகு!" என்று வாய்விட்டுக் கத்துங்கள். அதுதான் அந்தக் கலைஞர்களுக்கு நீங்கள் தரும் மரியாதை!